கிச்சன் சிம்னியை ஆள் கூப்பிடாமல் நாமே சுத்தம் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் முதல் தடவை நான் செய்த மாதிரி செய்துவிடாதீர்கள்.

பிசுக்கு சீக்கிரம் போகட்டும் என்று காஸ்டிக் சோடாவைக் கரைத்து, வலை ஃபில்டரை அதில் முக்கி வைத்தேன். குபுகுபுவென்று நுரைத்தது. அழுக்கு கழன்று வருகிறது என்று பூரித்துப் போனேன். அரை மணி நேரம் கழித்து எடுத்தால் வலை கரேலென்று கறுத்து, ஓரமெல்லாம் பொத்தல். கரைந்தது அழுக்கில்லை, அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பற்றக்கூடியது. இத்தனையும் நான் செய்தது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து!

அதனால் எதைப் போட்டுக் கழுவலாம் என்று தேடுவதற்கு முன்னால் ஃபில்டர் எந்த உலோகம் என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் ஸ்டீல். ஒட்டாவிட்டால் அலுமினியம்தான் என்று சொல்ல முடியாது, சில ரக எவர்சில்வரிலும் ஒட்டாது. கையில் லேசாக, மெல்லிய வலை அடுக்கடுக்காக இருந்தால் அலுமினியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போதும். வாஷிங் சோடா கூட அதைக் கறுக்க வைக்கும். பட்டை பட்டையாக இருக்கும் ஸ்டீல் பேஃபிள் ஃபில்டருக்கு வாஷிங் சோடா தாங்கும். நான் ஒரு பெரிய டப்பில் கொதிநீர் ஊற்றி, அரை கப் சோடா, கொஞ்சம் லிக்விட் சேர்த்து ஒரு மணி நேரம் ஊற வைக்கிறேன். கையுறை கட்டாயம். குழாய் வழியாகப் புகையை வெளியேற்றாத மாடல் என்றால் உள்ளே கரி ஃபில்டர் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

தேய்ப்பதைவிட ஊறுவதுதான் வேலை செய்யும். புது எண்ணெய் வழவழவென்று இருக்கும், துடைத்தால் வந்துவிடும். நாள்பட்ட எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் இறுகி வார்னிஷ் பூசியது போல ஆகிவிடும். அதைக் கம்பி நாரால் சுரண்டினால் கீறல்தான் மிச்சம், அந்தக் கீறலில் அடுத்த பிசுக்கு இன்னும் நன்றாக உட்காரும். சில வாரங்களுக்கு ஒரு முறை கழுவினால் இருபது நிமிட வேலை. மாதக்கணக்கில் விட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. பொங்குவது கண்ணுக்கு அழகுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினாலாவது கொஞ்சம் பலன் உண்டு. பிளீச்சிங் திரவம் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அடுப்பின் மேல் பழைய செய்தித்தாளை விரியுங்கள். எண்ணெய் சேரும் கிண்ணம் இருந்தால் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், சாய்த்தால் தலையில் கொட்டும் (அனுபவம்). உள்பக்கம் லிக்விடை நேராக ஸ்பிரே செய்யாதீர்கள், மோட்டாருக்குள் போய்விடும். துணியில் நனைத்துத் துடையுங்கள். மோட்டாரின் விசிறியைக் கழற்றும் வேலையை மட்டும் நான் ஆளிடம் விட்டுவிடுகிறேன். ஒரு இதழ் வளைந்தாலும் அப்புறம் சிம்னி அதிர ஆரம்பித்துவிடும்.

'ஆட்டோ கிளீன்' சிம்னிக்கு இதெல்லாம் தேவையா என்றால், கொஞ்சம் தேவைதான். அது உள்ளே இருக்கும் எண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்துக்கு இறக்கிவிடும், அவ்வளவுதான். கிண்ணத்தையும் வெளிப்பக்கத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஃபில்டர் ஈரம் சொட்டாமல் காய்ந்த பிறகே மாட்டுங்கள். மாட்டியதும் சிம்னியை ஓடவிட்டு ஒரு மெல்லிய காகிதத்தை அடியில் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் விழுந்தால் குழாயின் வெளிமுனை மூடியைப் போய்ப் பாருங்கள். பிசுக்கில் ஒட்டித் திறக்காமல் இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது பறவை குடித்தனம் வந்திருக்கும்.