பிள்ளைகளுக்கு லூபஸ்: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: 11 வயது மகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏஎன்ஏ எடுக்கிறோம் டாக்டர். எப்போதும் பாசிட்டிவ். நோய் அடங்கவே இல்லையா?

பதில்: அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். லூபஸ் என்பது நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடலைத் தாக்கும் நோய். ஏஎன்ஏ, அதாவது அப்படித் தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட், நோயைக் கண்டுபிடிக்கத்தான். நோய் அடங்கியும் பல வருடம் பாசிட்டிவாகவே நிற்கும். சி3, சி4 என்ற இரண்டு ரத்தப் புரதங்கள், டிஎஸ் டிஎன்ஏ ஆன்டிபாடி (நம் டிஎன்ஏவையே எதிர்க்கும் ஆன்டிபாடி) மூன்றையும் பாருங்கள். நோய் கிளம்பினால் பெரும்பாலும் முதல் இரண்டும் இறங்கும், மூன்றாவது ஏறும்.

கேள்வி: பையனுக்குக் காய்ச்சல். ஈஎஸ்ஆர் 90, சிஆர்பி நார்மல். தொற்றா, லூபஸா?

பதில்: இரண்டுமே உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட். இந்த ரிப்போர்ட் லூபஸ் பக்கம் சாய்கிறது. லூபஸில் ஈஎஸ்ஆர் எகிறினாலும் சிஆர்பி பெரும்பாலும் அசையாது. அதுவும் ஏறினால் முதலில் தொற்றைத் தேடுவோம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தாலும் ஏறும் என்பது வேறு விஷயம். ஆனால் காய்ச்சல் விடாமல் அடிக்க, ஈஎஸ்ஆர் திடீரென்று இறங்கி, தட்டணுவும் (பிளேட்லெட்) குறைந்து, இரும்புச்சத்தைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் போனால் சந்தோஷப்படாதீர்கள். அன்றே அட்மிட் ஆக வேண்டிய நிலை அது.

கேள்வி: முகத்துச் சிவப்பு போய்விட்டது, மூட்டு வலியும் இல்லை. சிறுநீர் டெஸ்ட் இன்னும் எதற்கு?

பதில்: சிறுநீரகம் வலிக்காது, அதற்குத்தான். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு லூபஸ் சிறுநீரகத்தை அதிகம் தாக்குகிறது. சிறுநீரில் நுரை நிற்கிறதா, காலையில் கண் இமை வீங்குகிறதா, சாக்ஸ் தடம் காலில் பதிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஒன்றும் தெரியாமலும் புரதம் ஒழுகலாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். அதில் புரதம்-கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) விகிதம் 0.5-ஐத் தாண்டி அப்படியே நின்றால் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பேச்சு வரும். ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

'ரத்தத்தில் கிரியாட்டினின் நார்மல்' என்று நிம்மதியாக வருபவர்கள் நிறைய. அது தாமதமாகத்தான் ஏறும். போதாததற்கு, பல லேப்களில் அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கான அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு 0.9 என்று வந்தால் லேப் தடித்த எழுத்தில் போடாது. என் கணக்கில் அது அதிகம்.

கேள்வி: ஸ்லெடாய் ஸ்கோர் 8 என்றார்கள். மோசமா?

பதில்: ஸ்லெடாய் என்பது லூபஸ் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று அறிகுறி, டெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டும் மார்க். எதனால் 8 என்று கேளுங்கள். லூபஸால் வந்த ஒரு வலிப்புக்கே 8. சிறுநீரில் சிவப்பணு 4, சி3 குறைவு 2, காய்ச்சல் 1.

கேள்வி: சி3 குறைவு, ஆன்டிபாடி அதிகம், பிள்ளையோ ஓடியாடுகிறாள். ஸ்டீராய்டு கூட்ட வேண்டுமா?

பதில்: சிறுநீரும் ரத்த அணுக்களும் சரியாக இருந்தால் அந்த எண்களுக்காக மட்டும் நான் கூட்டுவதில்லை. அடுத்த விசிட்டை முன்னால் இழுத்துவிடுவேன். லூபஸை அடக்கி வைக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று அவளிடமே கேட்பேன். அம்மாக்கள் 'ஆமாம்' என்பார்கள், பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.