பெரிய கடன் மேல் வங்கிக்கு என்ன ஆசை?

கேள்வி: லட்சுமி விலாஸ் வங்கியில் அப்பா வைத்திருந்த பங்குகள் 2020-இல் ஒன்றுமில்லாமல் போயின. அத்தனை பழைய வங்கி ஏன் அபாயமான கடன்களில் இறங்கியது? டெபாசிட் போடுபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகி, நாமக்கல்

பதில்: வேறொரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்பாவின் வேதனை எனக்குப் புரிகிறது அம்மா.

1926-இல் கரூர் வியாபாரிகள் தொடங்கிய வங்கி அது. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. பிறகு பெரிய கம்பெனிகள் பக்கம் போனது. காரணத்தைக் கடன் ஃபைலிலேயே பார்க்கலாம். தறிக்காரர் ஒருவருக்கு 20 லட்சம் கொடுக்க வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, குடோனுக்குப் போய் ஸ்டாக் சரிபார்ப்பு என்று அத்தனை வேலை. 200 கோடிக்கும் ஒரே ஃபைல்தான், அதோடு அந்த வருட டார்கெட்டே முடிந்துவிடும். பிராசசிங் கட்டணம் உடனே லாபக் கணக்கில் ஏறும். கடன் வாராக்கடனாக மூன்று, நான்கு வருடம் ஆகலாம். அதற்குள் சிபாரிசு செய்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். என்னைக் கேட்டால் இந்த இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் வேர். ரிசர்வ் வங்கியும் 2019 நவம்பரில் தனியார் வங்கித் தலைவர்களின் ஊதியத்தில் பாதியாவது செயல்பாட்டைப் பொறுத்து மாற வேண்டும், அதில் பெரும்பகுதியைத் தள்ளித்தான் தர வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி, ஆனால் தாமதமாக வந்தது.

அடுத்தது மூலதனம். நம் நாட்டில் வங்கி கொடுத்த கடன் போன்ற சொத்துகளை, அபாயம் கூடினால் மதிப்பும் கூடும்படி எடைபோட்டுக் கூட்டுவார்கள்; அந்தத் தொகையில் குறைந்தது 9% சொந்த மூலதனம் வேண்டும். நஷ்டம் முதலில் அதைத்தான் தின்னும். மூலதனம் கரைந்த வங்கிக்கு இழக்க அதிகம் இல்லை, துணிச்சல் கூடிவிடும். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இந்த வங்கியைக் கண்காணிப்புக் கட்டுப்பாட்டில் வைத்தது. 2020 நவம்பரில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை போட்டார்கள், பத்தே நாளில் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்தார்கள். டெபாசிட்தாரர் பணம் தப்பியது, பங்கு மதிப்பு பூஜ்யமானது.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? காலாண்டு முடிவுகளில் நிகர வாராக்கடன் விகிதம் (நஷ்டத்துக்கென ஒதுக்கியது போக, கடனில் திரும்பி வராத பங்கு; குறைவாக இருந்தால் நல்லது), மூலதன விகிதம் (மேலே சொன்னது; கூடுதலாக இருந்தால் நல்லது) இரண்டையும் பாருங்கள். மற்ற வங்கிகளை விட வட்டி கணிசமாகக் கூடுதலென்றால், ஏன் அவ்வளவு தருகிறார்கள் என்று கேளுங்கள். வங்கி முடங்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். அதே வங்கியின் வேறு கிளையில் போட்டாலும் ஒன்றாகத்தான் கூட்டுவார்கள்.