ஒரு வருட பி.ஜி. டிப்ளமோ எம்.ஏ.வுக்குச் சமமா?

கேள்வி: வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். வயது 31. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) பணிக்கு அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க ஆசை. வடபழனியில் உள்ள ஒரு கல்வி மையத்தில், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘கவுன்சலிங் சைக்காலஜி’ பி.ஜி. டிப்ளமோவைத் தொலைநிலையில் ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறோம், அது எம்.ஏ.வுக்குச் சமம் என்கிறார்கள். கட்டணம் 38,000 ரூபாய். 5,000 முன்பணமும் அசல் மதிப்பெண் பட்டியல்களும் கொடுத்துவிட்டேன். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். நாளைக்கே போய் அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம். உண்மையான பல்கலைக்கழகமே மாணவரின் அசல் சான்றிதழைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும். பல்கலைக்கழகத்துக்கே இல்லாத உரிமை, வடபழனியில் மாடியில் வாடகைக்கு இருக்கும் மையத்துக்கு எப்படி வந்தது? நீங்கள் நடுவில் மனம் மாறினால் மீதி 33,000-ஐ எப்படி வசூலிப்பது என்பதற்காகத்தான் அதை வாங்கி வைக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பி.ஜி. டிப்ளமோ எம்.ஏ.வுக்குச் சமம் இல்லை. எம்.ஏ. இரண்டு வருடம், இது ஒரு வருடம். யுஜிசி 2024-ல் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, இரண்டு வருட முதுகலையில் சேர்ந்து முதல் வருடத்தோடு விலகுகிறவருக்குக் கொடுப்பது பி.ஜி. டிப்ளமோ. கிளாம்பாக்கத்தில் திருச்சிக்கு பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்கியவர், திருச்சிக்குப் போய் வந்தேன் என்று சொல்ல முடியாது அல்லவா? முதுகலை கேட்கும் நெட் என்ற உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுக்கோ கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ இதை நீட்டிப் பயனில்லை. அதுவும் ஆறு மாதத்தில் பி.ஜி. டிப்ளமோ என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

அப்படியானால் இந்தப் படிப்பால் யாருக்கும் பயனில்லையா என்றால், உண்டு. ஒரு பதவிக்கான விதியில் இந்தப் படிப்பின் பெயர் எழுதியிருந்தால், அந்தப் பதவிக்கு அது தங்கம். சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் மாலை நேரத்தில் நடத்தும் தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயம், தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலர் ஆவதற்கான தகுதியாக மாநில விதிகளில் இடம்பெற்றிருக்கிறது. அதனால் அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். விதியில் பெயர் இல்லாத பட்டயம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் குறி வைத்திருக்கும் பதவிக்கும் விதி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் இயங்குவது மிஷன் வத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில். அதில் ஆற்றுப்படுத்துநருக்குக் கேட்பது: சமூகப் பணி, சமூகவியல், உளவியல், பொதுச் சுகாதாரம், கவுன்சலிங் இவற்றில் ஏதாவது ஒன்றில் பட்டம், அல்லது ‘கவுன்சலிங் அண்ட் கம்யூனிகேஷன்’ பி.ஜி. டிப்ளமோ. கூடவே குறைந்தது ஒரு வருட அனுபவம். உங்கள் வரலாற்றுப் பட்டம் முதல் பட்டியலில் இல்லை. ஆகவே டிப்ளமோ வழியைப் பிடிக்க நினைத்தது சரிதான். ஆனால் மையம் விற்பது ‘கவுன்சலிங் சைக்காலஜி’. விதியில் இருப்பது வேறு பெயர். இரண்டும் ஒன்றுதானே, பாடம் ஒன்றுதானே என்று நேர்முகத்தேர்வு மேசையில் வாதாட இடமிருக்காது. அங்கே இருப்பவர் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்க்க மாட்டார். சான்றிதழில் அச்சான பெயரையும் அறிவிப்பில் அச்சான பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒட்டவில்லையென்றால், இதுவும் அதுவும் சமம் என்று காட்டும் இணைச் சான்று கொண்டு வா என்பார். அதை வாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து முடிவதற்குள் அந்தப் பதவியில் வேறொருவர் சேர்ந்து சம்பளமே வாங்கியிருப்பார். தகுதியை எழுதும்போதே ‘அல்லது அதற்கு இணையான இந்த இந்தப் படிப்புகள்’ என்று நாலு வரி சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொரு பெரிய ஓட்டை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் அந்தத் துறை வந்துவிட்டதுதான் காரணம். மைய ஆள் உங்களுக்குக் காட்டியிருக்கக்கூடிய அங்கீகாரக் கடிதம் பழையதாக இருக்கும். ‘பழைய பேட்ச்சில் பெயர் சேர்த்துவிடுகிறோம்’ என்றால் அதற்குப் பெயர் உதவி இல்லை. முன்தேதியிட்ட போலிச் சேர்க்கை. பிடிபட்டால் மையம் பெயர்ப் பலகையை மாற்றிக்கொள்ளும். சான்றிதழில் இருப்பது உங்கள் பெயர்.

தொலைநிலைக் கல்வியில் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்த வருடம், எந்தச் சேர்க்கைப் பருவம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சாதாரண மனிதருக்கு விளங்கும்படி அதை வைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, ஆனாலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். 2024 முதல் தொலைநிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் டெப் ஐடி, அதாவது அந்தப் பிரிவின் தளத்தில் எடுக்கும் மாணவர் அடையாள எண், கட்டாயம். அதை நீங்களே, உங்கள் கைபேசி எண்ணில், உங்களுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உருவாக்க வேண்டும். ‘எல்லாம் நாங்களே பண்ணிடறோம் மேடம்’ என்று மையத்தில் சொன்னால் கொடுக்காதீர்கள். மாணவர் நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு, அதையும் இடைத்தரகர் கையில் கொடுத்தால் என்ன மிச்சம்?

மையங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தொலைநிலைப் படிப்பைக் கிளை உரிமைபோல வெளியாருக்கு விற்கக் கூடாது என்பது யுஜிசி விதி. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லை தாண்டித் தொலைநிலை மையம் நடத்தவும் கூடாது. அப்படியிருந்தும் ‘அட்மிஷன் பார்ட்னர்’, ‘ஃபெசிலிட்டேஷன் சென்டர்’ என்று போர்டு போட்டுக்கொண்டு கோடம்பாக்கம், தாம்பரம், அண்ணாநகர் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். யுஜிசி வருடா வருடம் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிடுகிறது. இந்தத் தரகர்களுக்கு ஒரு பட்டியலையும் காணோம். கட்டணத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். ரசீதில் மையத்தின் பெயரோ, ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணோ இருந்தால், நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேரவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. பி.ஏ.வைத் திறந்தநிலையில் முடித்தேன் என்கிறீர்கள். பிளஸ் டூ எழுதினீர்களா? திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூ இல்லாதவர்கள் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு நேராகப் பட்டத்தில் சேரும் வழி இருந்தது. பலர் அப்படிப் படித்தார்கள். 2009-ல் தமிழக அரசு பணியாளர் துறை அரசாணை 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லும் என்பது அதன் சாரம். வரிசை முக்கியம். டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகளிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். பட்டத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிளஸ் டூவைப் பிறகு தனித்தேர்வராக எழுதினாலும் வரிசை கெட்டதுதான். நீங்கள் கேட்கும் பணி ஒப்பந்தப் பணிதான், தொகுப்பூதியம்தான், அதற்கு இந்த அரசாணை அப்படியே பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் கேட்கலாம். சான்றிதழ் சரிபார்ப்பவர் கேட்க மாட்டார், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத்தான் கேட்பார். முறையாகப் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. சேர்ந்தவர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். இல்லையென்றால், அதன்மேல் எத்தனை பட்டயம் அடுக்கினாலும் அரசு வேலைக்கு அடித்தளம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

பிளஸ் டூ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 38,000 ரூபாயை ஒரு வருடப் பட்டயத்தில் போடுவதைவிட இரண்டு வருட முதுகலையே மேல் என்பது என் கருத்து. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் சமூகப் பணி முதுகலை உண்டு, அதிலேயே கவுன்சலிங் பிரிவும் உண்டு. சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே சமூகவியலைப் பற்றி நேரில் போய்க் கேளுங்கள். சேரும் பருவத்துக்கு அந்தப் படிப்பு யுஜிசி பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். சமூகப் பணியிலோ சமூகவியலிலோ முதுகலை இருந்தால் ஆற்றுப்படுத்துநர் பணியோடு கதை முடியாது, வேறு கதவுகளும் திறக்கும். நடுவில் அறிவிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பதற வேண்டாம். அவை ஒப்பந்தப் பணியிடங்கள், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மறுபடி வரும். இப்போதைக்கு உங்கள் இல்லத்தின் நிர்வாகியிடம் சேர்ந்த தேதி, பார்க்கும் வேலை எல்லாம் தெளிவாக எழுதி, முத்திரையோடு அனுபவச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். இல்லங்கள் மூடப்பட்டாலோ நிர்வாகம் மாறினாலோ அதை வாங்குவது பெரும்பாடு.

முன்பணம் 5,000-ஐக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் ‘எம்.ஏ.வுக்குச் சமம்’, ‘ஆறு மாதம்’ என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யுங்கள். சான்றிதழ்களைத் தர மறுத்தால் அதற்குக் காத்திருக்க வேண்டாம், நேராகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்கிவிடுங்கள்.