சும்மா கிடக்கும் அவுட்போர்டு இன்ஜின்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் பைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய யமஹா எண்டூரோ 15 குதிரைத்திறன் இன்ஜினை (படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு; பெட்ரோல், 2 ஸ்ட்ரோக்) 25,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, மூன்று வருஷமாகக் கொட்டகையில் கிடக்கிறது. "கார்புரேட்டரைக் கழுவினால் போதும், ஓடிவிடும்" என்கிறார். செலவு செய்து எடுக்கலாமா, காயலான் கடைச் சரக்கா?

பதில்: வயதை விடுங்கள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் கழற்றி வைத்தாரா, நின்றுபோனதால் கழற்றினாரா? முதலில் அதைக் கேளுங்கள். அடுத்து, கடைசியாகக் கரையேற்றிய அன்று டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு உப்பைக் கழுவினாரா என்று கேளுங்கள். கழுவாமல் வைத்திருந்தால் கடல்நீர் போய்வரும் வழியெல்லாம் உப்பு இறுகி, அலுமினியத்தைத் தின்றுகொண்டே இருந்திருக்கும். கார்புரேட்டர் அடைப்பு பெரிய விஷயமே இல்லை. கார்புரேட்டர், பிளக், தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்), ஸ்டார்ட்டர் கயிறு எல்லாம் மாற்றக்கூடியவை. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும், கீழே இருக்கும் கியர் பாக்ஸும் போனால்தான் கை கடிக்கும். ஆகவே அந்த இரண்டை மட்டும் பார்க்கப் போங்கள்.

மேல்மூடியைக் கழற்றியதும் போல்ட்டுகளைக் கவனியுங்கள். தலையைச் சுற்றி வெள்ளை மாவு போல் பூத்திருந்தால் ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் உப்பில் கடித்துக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். ஸ்பானர் போட்டால் போல்ட் உள்ளேயே முறியும். முறிந்ததைத் துளைத்தெடுத்துப் புதுமரை போடும் கூலி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சேர்ந்து, சாமான் விலையைத் தாண்டிவிடும். புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரண்டு மடங்காகட்டும்.

இனி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். பட்டறைக்காரரிடம் அதை அளக்கும் கேஜ் இருக்கும். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை பாடியில் எர்த் செய்துவிட்டு (செய்யாமல் இழுத்தால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டி எரிந்துபோகலாம்), ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டரும் 100 பிஎஸ்ஐ பக்கம் காட்டினால் நல்லது. அதைவிட முக்கியம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் பெரும்பாலும் ஒன்றில் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) போயிருக்கிறது. இரண்டுமே சமமாகக் கொஞ்சம் குறைந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயமில்லை, அது உழைத்த தேய்மானம். ஒன்று 100, ஒன்று 60 என்றால் அந்த இன்ஜின் எப்போதோ சூடேறிப் பிடித்திருக்கலாம். அப்படியானால் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (போர் அடித்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டிவரும்.

கியர் பாக்ஸுக்குக் கேஜ் வேண்டாம், பொறுமை போதும். இன்ஜினை ஓரிரவு நிமிர்த்தி நிறுத்திவிட்டு, காலையில் கியர் பாக்ஸின் எண்ணெய் வடிக்கும் கீழ் ஸ்குரூவை லேசாகத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் கனமாக அடியில் தங்கி, எண்ணெய்க்கு முன்னால் வரும். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. அது மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம். விரலில் தேய்த்தால் இரும்புத் தூள் நெருடினால் விட்டுவிடுங்கள்.

ஓட்டிக் காட்டச் சொல்லும்போது நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. போனதும் சிலிண்டர் ஹெட்டைத் தொட்டுப் பாருங்கள். டிரம் தண்ணீரில்தான் ஓட்ட வேண்டும், வெறுமனே ஓட்டினால் இம்பெல்லர் உடனே பாழாகும். பத்து நிமிஷம் ஓடியபின் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகக் கூடாது.

சொந்தக்காரரிடம் இதையெல்லாம் திறந்து பார்க்கக் கூச்சமாக இருக்கும். பட்டறைக்காரரைக் கூட்டிப்போய், "இவர்தான் பார்க்கணும்னு அடம்பிடிக்கிறார்" என்று பழியை அவர்மேல் போட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு இப்படி: விலையும் வேலைச் செலவும் சேர்ந்து புது இன்ஜின் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். அவர் சொன்னபடி "கழுவினால் ஓடும்" நிலை என்றால், கழுவி ஓட்டிக் காட்டிய பிறகு 25,000 கொடுங்கள். காட்ட மாட்டேன் என்றால் உதிரிச் சாமான் விலைதான். பில்லையும், மாட்டும் பிராக்கெட்டில் உள்ள நம்பர் தகட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரசு மானியத்தில் வாங்கியது என்றால், கைமாற்றலாமா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: படகு கவிழ்ந்து இன்ஜின் கடலில் முழுகிவிட்டது. அன்றே தூக்கிவிட்டோம். வெயிலில் காயவைத்திருக்கிறேன், சரியா?

பதில்: காயவைப்பதுதான் தப்பு. தண்ணீருக்குள் இருந்ததைவிட, வெளியே எடுத்துக் காற்றுப் படும்போதுதான் துரு வேகமாகப் பிடிக்கும். மெக்கானிக் வரத் தாமதமானால் நல்ல தண்ணீர் டிரம்மில் முழுக்கி வையுங்கள். அவர் வந்ததும் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றி, அன்றைக்கே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது முழுகியதா? அப்படியானால் கயிற்றை இழுக்க வேண்டாம். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், பிரித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.