சின்ன ஸ்மார்ட்போன் கேட்கிறவர்கள் இவ்வளவு பேர் இருந்தும் கம்பெனிகள் ஏன் செய்வதில்லை?

கேள்வி கேட்டவர், தன் நண்பர்களில் பாதிப் பேர் கையில் அடங்குகிற போன்தான் வேண்டும் என்கிறார்கள், ஆனால் கம்பெனிகள் பெரிது பெரிதாகவே செய்து நம் தலையில் கட்டுகின்றன, இது சதிதானே என்று எழுதியிருக்கிறார். சதியெல்லாம் இல்லை. சின்ன போன் வேண்டும் என்று கேட்பதும் உண்மை, எடுத்துக் காட்டினால் வாங்காமல் போவதும் உண்மை. பல நாள் இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கிறேன்.

திருநெல்வேலியில் மாமாவின் மொபைல் கடையில் கவுன்ட்டரில் நிற்பவன் நான். என் சொந்த போன் ஐபோன் 13 மினி, செகண்ட்ஸில் எடுத்தது. ஆக, மனசளவில் சின்ன போன் கட்சி. வயிற்றுப்பாட்டுக்கு விற்பது பெரிய போன்.

போன மழைக்காலத்தில் ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் வந்தார். "தம்பி, இந்தப் பலகை மாதிரி இருக்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம். கையில அடங்கணும், கைப்பையில போட்டா தெரியக் கூடாது" என்றார். 6.2 அங்குல கேலக்ஸி எஸ்25 டெமோ பீஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "கனமே இல்லையேப்பா!" கனம் இருக்காது, 162 கிராம்தான். அப்புறம் அவருக்குப் பழக்கமான அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்தோம். வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கச் செய்தியே முக்கால் திரையை அடைத்துக்கொண்டது. பதில் எழுதக் கீபோர்டைத் திறந்ததும் அந்தச் செய்தியும் மறைந்துவிட்டது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலையைச் சொன்ன பிறகுதான், "ஏம்ப்பா, இத்தனூண்டு போனுக்கா இவ்வளவு?" என்றார். கடைசியில் அவர் எடுத்துப் போனது அதில் கால்வாசி விலைகூட இல்லாத, 6.7 அங்குலத்துக்குக் கொஞ்சமும் குறையாத ஒன்று. "பேரன் வந்தா படம் பார்ப்பான்ல" என்று தனக்கே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

அந்த "இத்தனூண்டு போனுக்கா இவ்வளவு?"தான் உங்கள் கேள்விக்குப் பதில். வாங்குகிறவர் கண்ணில் அளவுதான் மதிப்பு. சின்னது என்றால் விலையும் சின்னதாக இருக்க வேண்டும். செய்கிறவருக்குக் கணக்கு அப்படி வருவதில்லை. சிப் அதே சிப், கேமரா அதே கேமரா, மென்பொருள் வேலையும் அதே வேலை. திரையிலும் பாட்டரியிலும் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். அதே சாமான்களைச் சின்ன உடலுக்குள் நெருக்கி அடுக்குவதும், உள்ளே கிளம்புகிற சூட்டை வெளியேற்றுவதும் கூடுதல் தலைவலி.

இந்த மோதல் நன்றாகத் தெரிந்தது ஐபோன் 12 மினியில்தான். 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. 5.4 அங்குலம், 135 கிராம். ஐபோன் 12-இல் இருந்த அதே ஏ14 சிப், அதே இரண்டு கேமரா, அதே ஓஎல்இடி திரை. பாட்டரியைத் தவிர எதையும் பெரிதாகக் குறைத்துக் கொடுக்கவில்லை. சின்ன போன் கட்சி அத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டது அதைத்தான். இந்தியாவில் 12-இன் விலை 79,900, மினி 69,900. பத்தாயிரம் குறைவு. ஆனால் அதே நேரத்தில் 6.1 அங்குல ஐபோன் 11-ஐ 54,900-க்கு இறக்கிவிட்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில் அறிமுகமான 4.7 அங்குல ஐபோன் எஸ்இ 39,900-க்கு நின்றது. சின்னதாகவும் மலிவாகவும் வேண்டும் என்றவர் அதற்கு முன்பே எஸ்இ எடுத்துப் போயிருப்பார். ஆப்பிள் வேண்டும், காசும் மிச்சமாக வேண்டும் என்றவருக்கு 11 இருந்தது. மிஞ்சியது, அளவுக்காகவே எழுபதாயிரம் கொடுக்கத் தயாராக இருந்த ஒரு சின்னக் கூட்டம்.

அது எவ்வளவு சின்னக் கூட்டம் என்றால், 2020 அக்டோபர், நவம்பரில் அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் 12 மினியின் பங்கு 6 சதவீதம் என்று சிஐஆர்பி என்கிற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அடுத்து வந்த 13 மினியில் பாட்டரியைக் கூட்டினார்கள், படமும் இன்னும் நன்றாக விழுந்தது. 2022-இன் முதல் காலாண்டில் அதன் பங்கு 3 சதவீதம். அந்தச் செப்டம்பரில் 14 வரிசையில் மினியைத் தூக்கிவிட்டு 6.7 அங்குல பிளஸை வைத்தார்கள். 2023 செப்டம்பரில் 13 மினியையும் நிறுத்திவிட்டார்கள்.

மூன்று சதவீதம் என்றாலும் ஆப்பிள் அளவுக்கு அது லட்சக்கணக்கான போன், விடலாமா என்று கேட்பீர்கள். ஒரு மாடல் என்றால் போன் மட்டுமா? அதற்குத் தனி அச்சு, தனித் திரை, தனிப் பாட்டரி, உதிரிபாகம், நிறத்துக்கும் மெமரிக்கும் ஏற்ப ஒவ்வொரு ஊரிலும் ஸ்டாக். எங்கள் கடைச் சுவரில் டெம்பர்டு கிளாஸ் கொக்கி கொக்கியாகத் தொங்கும். அதிகம் ஓடுகிற மாடல்களுக்கு ஒரு கொக்கி முழுக்க இருக்கும், 13 மினிக்கு ஒன்றுகூடக் கிடையாது. மாமாவிடம் கேட்டால், "உன் ஒருத்தனுக்காக பாக்கெட் பிரிக்கணுமாக்கும்?" என்பார். நானே ஆன்லைனில்தான் வாங்கி ஒட்டியிருக்கிறேன். கம்பெனிக்காரனுக்கும் அதே கணக்குதான், சைபர்கள் மட்டும் அதிகம்.

எப்போதுமே மக்களுக்குப் பெரியதுதான் பிடித்ததா? 2010 ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ், கையால் சுற்றிப் பிடிக்க முடியாத அளவுக்குப் பெரிய போனை யாரும் வாங்கப்போவதில்லை என்று சொன்னார். அன்றைய ஐபோனில் இருந்தது 3.5 அங்குலத் திரை. மறுவருஷமே சாம்சங் 5.3 அங்குலத்தில் கேலக்ஸி நோட் கொண்டுவந்தது. காதில் வைத்துப் பேசினால் ஆளுக்கு முகமே தெரியாது என்று கிண்டல் அடித்தார்கள். கிண்டல் அடித்தாலும் ஒரு வருஷத்துக்குள் ஒரு கோடி நோட் விற்றது. 2014-இல் ஆப்பிளும் இறங்கி வந்தது. 4.7 அங்குலத்தில் ஐபோன் 6, 5.5 அங்குலத்தில் 6 பிளஸ். அந்த வருஷக் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் ஏழரைக் கோடியைத் தொடுகிற அளவுக்கு, துல்லியமாக 7.45 கோடி ஐபோன்கள் விற்றன. அதற்குமுன் அவர்கள் கண்டிராத எண்ணிக்கை அது. ஆப்பிள்காரர்களில் இத்தனை பேர் பெரிய திரைக்காகக் காத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. 2011-இல் பூதம் என்று பெயர் வாங்கிய நோட் 5.3 அங்குலம். 2020-இல் குட்டி என்று பெயர் வாங்கிய மினி 5.4 அங்குலம்! அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளப்பது. நோட்டின் உடல் அகலம் 83 மில்லிமீட்டர், மினியின் அகலம் 64.2. அப்போது திரைகள் அகலமாக, சுற்றிலும் பட்டையாக விளிம்போடு இருந்தன. 2017 வாக்கில் திரைகள் ஒடுங்கி நீளமாக ஆரம்பித்ததும் அங்குலம் என்பதற்கே அர்த்தம் மாறிவிட்டது. கையில் அடங்குகிறதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அகலம். கடையில் யாரும் அதைக் கேட்பதில்லை, பெட்டியின் முகப்பிலும் அது போடுவதில்லை. எடை மட்டும் வேறு கதை. அந்தப் பூதம் 178 கிராம், 2024-இல் வந்த ஐபோன் 16 புரோ மேக்ஸ் 227 கிராம்.

நம் ஊரில் பெரிய திரைக்குக் கூடுதலாகச் சில காரணங்கள் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா தண்ணீர்பட்ட பாடு ஆனபின் போன்தான் பல வீட்டில் இரண்டாவது டிவி. சில வீட்டில் அதுவே முதல் டிவி. மதியத்தில் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள், தராசுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர், டேப்லெட் என்று தனித்தனியாக வைத்திருக்கிறவருக்குச் சின்ன போன் ஒரு வசதி. எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் என்கிறவருக்கு முடியாது.

இன்னொன்று, தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆங்கிலக் கீபோர்டின் மேல் வரிசையில் பத்து எழுத்து. தமிழ்99 என்கிற தமிழ்க் கீபோர்டு அமைப்பின் மேல் வரிசையில் ஆ, ஈ, ஊ தொடங்கி ஞ வரை பன்னிரண்டு. மினியின் திரை அகலம் சுமார் 57 மில்லிமீட்டர். அந்த வரிசையை அப்படியே போட்டால் ஒரு எழுத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்கூடத் தேறாது. எனக்கு ளகரத்தைத் தொட்டால் றகரம் விழும். 6.7 அங்குலத் திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடைக்கிறது. விரலுக்கு அது பெரிய வித்தியாசம். நான் பாதி நேரம் பேசியே எழுதிவிடுகிறேன்.

பாட்டரியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. 12 மினியில் இருந்தது 2,227 எம்ஏஎச். ஆப்பிள் சொன்ன கணக்கிலேயே வீடியோ 15 மணி நேரம், 12-க்கு 17. காகிதத்தில் இரண்டு மணி நேரம்தான் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்குச் சார்ஜரைத் தேடுகிறவனுக்குத்தான் அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை தெரியும்.

கேட்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் இருக்கிற பள்ளத்துக்கு வேறு ஒரு உதாரணமும் உண்டு. பெபிள் ஸ்மார்ட்வாட்ச் செய்த எரிக் மிகிகோவ்ஸ்கி 2022 மே மாதம் ஒரு தளம் தொடங்கினார். 13 மினி அளவில் ஒரு ஆண்ட்ராய்டு போன் வேண்டும், ஐம்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டால் யாராவது கம்பெனிக்காரரிடம் எடுத்துப் போய்க் காட்டலாம் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் கையெழுத்து குவிந்தது. போன் மட்டும் கடைக்கு வரவில்லை. சோனி 2014-இலிருந்து சில வருஷம் எக்ஸ்பீரியா காம்பேக்ட் என்று விடாமல் செய்து பார்த்து, 2018-இன் எக்ஸ்இசட்2 காம்பேக்ட்டோடு நிறுத்திக்கொண்டது. ஏசஸ் 5.9 அங்குலத்தில் சென்ஃபோன் 8, 9, 10 என்று மூன்று தலைமுறை தாக்குப்பிடித்தது. 2024-இல் சென்ஃபோன் 11 அல்ட்ரா என்று 6.78 அங்குலத்தில் வந்து நின்றதும் எங்கள் கட்சியில் பலர் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள்.

அதற்காகப் பெரிதாகச் செய்தாலே ஓடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மினியின் இடத்தில் வந்த ஐபோன் பிளஸையும் 2025-இல் 17 வரிசையில் கைவிட்டுவிட்டார்கள். அங்கே இப்போது மெல்லிய ஐபோன் ஏர். நான் பார்த்தவரை ஜனங்கள் இரண்டு பக்கமாகத்தான் போகிறார்கள், ஒன்று சாதா மாடல், இல்லாவிட்டால் இஎம்ஐ போட்டாவது உச்சத்தில் இருப்பது. நடுவில் எதை வைத்தாலும் தடுமாறுகிறது. மினிக்கு அளவு பாதி எதிரி என்றால், வைக்கப்பட்ட இடம் மீதி எதிரி என்பது என் எண்ணம். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எங்கள் கட்சிக்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்களும் இல்லை. பிடித்த போன் கிடைத்துவிட்டால் பாட்டரியை மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டுவோம். எக்ஸ்சேஞ்ச் ஆபர் என்று வருகிற எந்தப் போஸ்டரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டோம். எங்களை நம்பி எவன் தொழில் செய்வான்?

சரி, இப்போது என்ன வாங்குவது? மினி அளவில் புதிதாக ஒரு நல்ல போன் வேண்டும் என்றால் இல்லை. ஆனால் ஓரளவு சின்னது மறுபடி தலைகாட்டுகிறது, காரணம் பாட்டரி. சிலிக்கான் கார்பன் பாட்டரி வந்தபின் அதே இடத்தில் அதிகம் அடைக்க முடிகிறது. 2025-இல் இங்கே வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலம், 5,850 எம்ஏஎச். விவோ எக்ஸ்200 எஃப்இ 6.31 அங்குலத்தில் 6,500 எம்ஏஎச். இரண்டும் வந்தபோது 54,999-இல் தொடங்கின. இரண்டின் அகலமும் 72 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளேதான், அதாவது சின்ன போன் என்று இன்று விற்பது மினியைவிட ஏழெட்டு மில்லிமீட்டர் அகலம். எஸ்25-ம் அகலத்தில் கிட்டத்தட்ட அதே ரகம்தான், எடைதான் குறைவு. பதினைந்தாயிரத்துக்குள் கேட்டீர்கள் என்றால் கவுன்ட்டரில் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே 6.5 அங்குலத்துக்கு மேல். அண்மை வருஷங்களில் அந்த விலையில் நல்ல சின்ன போன் ஒன்றை யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. வைத்திருந்தால் ஓடியிருக்குமா? டீச்சரைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம்தான்.

என்னைப் போல பிடிவாதக்காரராக இருந்தால் செகண்ட்ஸில் 13 மினி தேடுங்கள், 12 மினி வேண்டாம். செட்டிங்ஸில் பாட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே இருந்தால் பாட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். திரை மாற்றிய பீஸா என்று கேட்டு வாங்குங்கள், செட்டிங்ஸில் அபவுட் பக்கத்திலேயே உதிரிபாகம் மாற்றிய விவரம் வரும். டெம்பர்டு கிளாஸை மட்டும் இரண்டாக ஆன்லைனில் போட்டுவிடுங்கள், எங்கள் கடையில் கிடைக்காது.