8 அங்குலத் தொலைநோக்கியில் எம் 33 கேலக்ஸி ஏன் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது?

உங்கள் தொலைநோக்கியில் குறை இல்லை, எம் 33-க்குச் சொல்லும் 5.7 என்ற பொலிவெண்தான் (பிரகாசத்தின் அளவு; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) ஆளை ஏமாற்றுகிறது. அதை நம்பி நானும் மூன்று இரவுகள் தேடி அலுத்தேன்.

முழு கேலக்ஸியின் ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் கணக்கு அது. உண்மையில் அந்த ஒளி வானில் முழுநிலவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரு சொட்டு மையை வாளித் தண்ணீரில் கலக்கிய மாதிரி.

என் தவறு, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸில். என் தொலைநோக்கியின் 1200 மி.மீ. குவியத் தொலைவுக்கு 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 120 மடங்கு பெரிதாகத் தெரியும். அதில் தெரியும் வானம் அரை பாகைகூட இல்லை. அதாவது கேலக்ஸிக்கு உள்ளேயே பார்த்துக்கொண்டு கேலக்ஸியைத் தேடியிருக்கிறேன்! ஓரமும் அதற்கு வெளியே இருட்டும் சேர்ந்து தெரிந்தால்தானே வித்தியாசம் புரியும்? உருப்பெருக்கம் குறைந்து வானம் அகலமாகத் தெரிய, 32 மி.மீ.க்கு மாற்றினேன். அப்புறம் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியிலிருந்து மிராக் விண்மீனுக்கு ஒரு கோடு போட்டு, கிட்டத்தட்ட அதே தூரம் மறுபக்கம் நகர்ந்தேன்.

நிலா இல்லாத இரவு வேண்டும். அரைமணி நேரம் இருட்டில் சும்மா இருங்கள். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பிறகு நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். மங்கல் ஒளியை உணரும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. கடைக்கண் பார்வை கிடைக்காதா என்று சாமியிடம் கேட்போம், இங்கே நாம்தான் அதைக் காட்ட வேண்டும்.

அப்படியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாயை விரலால் லேசாகத் தட்டினேன். காட்சி ஆடியபோது, கண்ணாடியில் மூச்சுவிட்ட ஆவி போல ஒரு வெளிறல் விண்மீன்களோடு சேர்ந்து ஆடியது. ஆட்டம் நின்றதும் காணாமல் போனது. மறுபடி தட்டினேன், மறுபடி வந்தது. சுமார் 27 லட்சம் ஒளியாண்டு தாண்டி வந்த வெளிச்சம் அது. படங்களில் வரும் சுருள் கைகளையும் நிறத்தையும் எதிர்பார்க்காதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் மூழ்கிய ஊர் வானம் என்றால் இந்த வெளிறல்கூடச் சந்தேகம்தான்.

அது பிடிபட்டதும் ஓரத்தில் சின்னப் பொட்டு ஒன்றைத் தேடுங்கள். என்ஜிசி 604, விண்மீன்கள் பிறக்கும் மாபெரும் வாயு மேகம். வேறொரு கேலக்ஸிக்குள் இருக்கும் மேகம் நம் கண்ணுக்கே தெரிகிறது! அது சிறியது, செறிவானது. அதற்கு மட்டும் அந்த 10 மி.மீ. ஐபீஸைத் தாராளமாகப் போடலாம்.