ஐரிஷ் மொழியில் 'பியன்' பன்மையில் 'ம்னா' ஆவது எப்படி?

பெண் 'பியன்', பெண்கள் 'ம்னா': இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல்தான். கிரேக்க 'கூனே', சமஸ்கிருத 'ஜனி', ஆங்கில 'குயீன்' எல்லாம் இதன் உறவுகள். இம்மொழிகளுக்கெல்லாம் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் 'க்வ' ஒலி, ஐரிஷ் சேர்ந்த கெல்டிக் மொழிக் கிளையில் 'ப' ஆனது. சில வடிவங்களில் நடு உயிர் மறைந்து 'ப்ன்' ஒட்டியது. பின்வரும் ன் ஒலியால் ப், ம் ஆக மாறியது.

ஆங்கில 'தி' போன்ற சுட்டுச்சொல் சேர்ந்தால் 'அன் வியன்'; பெண்பால் என்பதால் முதலெழுத்து மென்மையாகும். 'நா ம்னா' என்பது 'பெண்கள்', 'பெண்ணின்' இரண்டுக்கும் பொது. இடம் பார்த்தே பிரிக்க வேண்டும். பலரும் தடுமாறுவது 'பெண்களின்' என்ற வடிவத்தில்: தனியே 'பன்', சுட்டுடன் 'நா மன்'. எழுத்தில் எம், பி இரண்டும் இருக்கும், பியை உச்சரிக்கக் கூடாது. 1914இல் தொடங்கிய 'குமன் நா மன்' மகளிர் அமைப்பின் பெயரில் இதைக் காணலாம்.

அயர்லாந்துக் கழிப்பறைக் கதவில் எம்மில் தொடங்கும் 'ம்னா' பெண்களுக்கு, எஃப்பில் தொடங்கும் 'ஃபிர்' ஆண்களுக்கு. ஆங்கில முதலெழுத்தை நம்பி நுழையாதீர்கள்.